உடையாத நம்பர்

சேலம் ஜில்லாவைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் வகுத்தல் கணக்குக்கு அவரைப் போல ஒரு ஜென்ம விரோதி கிடைத்திருக்க மாட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வகுத்தலை வெறுப்பார்கள். வரமாட்டேன் என்கிறதே என்று வெறுப்பார்கள். இவருடைய சங்கடமே வேறு. சரியாக வந்து தொலைக்கிறதே என்பதுதான் இவருக்குப் பொறுக்காது. ஏதாவது ஒரு எண் மீதியில்லாமல் வகுபட்டுவிட்டால் அன்றைக்கு மனிதருக்குச் சோறு இறங்காது.

எழுபதுகளின் பின்பாதியில் சங்ககிரிக்குக் கணக்கு வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தேன். சொந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். 'ங்க' போடாமல் பேசுகிற என்னைப் பார்த்து, யாரோ சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்த ஊர் அது. தங்க இடம் தேடி அலைந்தபோது, கோயமுத்தூர் ரோட்டில் ஒரு லாரி ஷெட்டும் அதன்மேல் ஒரு மாடி அறையும் காலியாக இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். வெள்ளை வேட்டியும் கை வைத்த பனியனுமாக ஒருவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஊர், சாதி, சம்பளம் எதையும் அவர் கேட்கவில்லை. கேட்டது ஒரே கேள்வி.

"வாத்தியாருங்களுக்கு வயசு என்னங்க?"

இருபத்து மூன்று என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. எனக்காகச் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"உடையாதுங்க. சாவிய வாங்கிக்குங்க" என்றார்.

எதுவோ உடைகிற வீட்டில் குடிவந்திருக்கிறோம் என்ற கலக்கத்தோடுதான் படியேறினேன். அடுத்த நாள் டீக்கடையில் விஷயம் தெரிந்தது. அவருக்கு ஊரில் வைத்த பெயர் 'ஒண்ணுந்தானும்'. எந்த எண்ணைப் பார்த்தாலும், "ஒண்ணுந்தானும் தவிர வேற ஆராச்சும் இதுக்குள்ள நொழைய முடியுமா?" என்று கேட்பாராம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் பகா எண் என்று சொல்லிக் கொடுப்பதைத்தான் அவர் உடையாத நம்பர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றாலும் தன்னாலும் மட்டும் வகுபடும் எண். வேறு எதனாலாவது வகுபட்டால் அது உடைகிற நம்பர். அதன் நிழல்கூட ஷெட்டுக்குள் விழக்கூடாது.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய அப்பாவும் சித்தப்பாக்களும் பாகம் பிரித்துக்கொண்ட கதையை என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். குடும்பத்துக்கு இருந்தது பன்னிரண்டு ஏக்கரா. முதலில் இரண்டாகப் பிரிக்கலாம் என்றார்களாம், சரியாக வந்தது. வேண்டாம், மூன்றாக என்றார்களாம், அதுவும் வந்தது. கடைசியில் நாலாகப் பிரித்தார்கள். அதற்கும் அந்தப் பாழாய்ப்போன பன்னிரண்டு வளைந்து கொடுத்தது. அண்ணன் தம்பி கிணற்றுத் தண்ணீருக்கு அடித்துக்கொண்டு, ஒருவர் சாவுக்கு ஒருவர் போகாமல் முடிந்தது அந்தக் குடும்பம். "பதிமூணு ஏக்கராவா இருந்திருந்தா ஒருத்தனும் பிரிச்சிருக்க மாட்டானுங்க" என்பார். பதின்மூன்றாவது ஏக்கரா மட்டும் இருந்திருந்தால் மகாலட்சுமி அந்த வீட்டை விட்டுப் போயிருக்கவே மாட்டாள் என்று அவர் மனதார நம்பினார்.

அவர்கள் மூன்று சகோதரர்கள். இவர் மூத்தவர். ஷெட்டில் ரிப்பேர் வேலையெல்லாம் நடுத் தம்பி பொறுப்பு. சின்னவர் லாரி ஓட்டுவார். மூவருக்கும் சேர்த்து ஒரே சமையல், ஒரே கல்லாப்பெட்டி, ஏழு லாரி. ஏழுக்கு மேல் வாங்க வசதி இருந்தும் வாங்கவில்லை. எட்டு உடையும், ஒன்பது உடையும், பத்து சொல்லவே வேண்டாம். வாங்கினால் ஒரே தாவலில் பதினொன்றுக்குப் போக வேண்டும். அதற்கு வங்கியில் யாரும் அசைந்து கொடுக்கவில்லை.

லாரிகளின் நம்பரும் உடையக் கூடாது. மற்ற முதலாளிகள் கூட்டினால் ஒன்பது வர வேண்டும், ஆறு வர வேண்டும் என்று நம்பருக்கு அலைவார்கள். கூட்டினால் எட்டு வந்தால் அலறி அடித்துக்கொண்டு ஓடுவார்கள். 2213 என்று ஒரு நம்பர் அப்படித்தான் சீந்துவாரில்லாமல் கிடந்தது. இவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கி வந்தார். 1001 என்ற நம்பரை ஒரு லாரிக்காரர் ஊரெல்லாம் சிபாரிசு பிடித்து வாங்கி, மாலை போட்டு ஓட்டிவந்தபோது, இவர் பக்கத்தில் போய்த் துக்கம் விசாரிக்கிற குரலில், அது ஏழாலும் பதினொன்றாலும் பதின்மூன்றாலும் உடையும் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மனிதர் இவரோடு ஒரு வருஷம் பேசவில்லை.

அவர் சோதிக்கிற முறை சுத்தமான திண்ணைப்பள்ளி முறை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் வாய்ப்பாட்டிலிருந்து பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒவ்வொன்றாக எண்ணுக்குள் நுழைத்துப் பார்ப்பார். எதுவும் நுழையவில்லை என்றால் நம்பர் பாஸ். அதற்கு மேல் அவருக்கு வாய்ப்பாடு தெரியாது. அதற்கு மேல் உலகத்தில் வகுத்தலே இல்லை என்று முடிவுகட்டியிருந்தார்.

எனக்கும் அவருக்கும் முதல் தகராறு ஒன்று என்ற எண்ணால் வந்தது. ஒன்று பகா எண் கிடையாது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உலகத்திலேயே உடையாத நம்பர் ஒன்றுதானே, அதைப் போய் உடைகிற கூட்டத்தில் சேர்க்கிறீர்களா என்று கேட்டார். உடைகிற கூட்டத்திலும் சேராது, உடையாத கூட்டத்திலும் சேராது என்றேன். பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு வகுஎண் வேண்டும். ஒன்றும் வேண்டும், தானும் வேண்டும். இங்கே ஒன்றும் தானும் ஒரே ஆள். நாலைந்து நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பிறகு ஒருநாள் காலை மாடிப்படி ஏறி வந்தார்.

"ஒண்டிக்கட்டைன்னு சொல்லுங்க. பிரிக்கறதுக்கு முன்னால சேந்திருக்கோணுமில்லீங்க" என்றார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களாட்ட" என்று சேர்த்துக்கொண்டார்.

சமாதானமானோம். எனக்கு இருபத்தைந்தில் கல்யாணம் நிச்சயமானபோது அவர் பட்ட வேதனை சொல்லி மாளாது. ஐந்தைந்தாக உடையுமே, இருபத்தொன்பது வரை பொறுக்கக் கூடாதா என்று புலம்பினார். பெண்ணுக்குப் பத்தொன்பது என்று தெரிந்த பிறகுதான், ஒருத்தராவது உறுதியாக இருக்கிறீர்களே என்று பத்திரிகையைக் கையில் வாங்கினார்.

சாப்பாட்டு விஷயத்தில் அவர் படுத்திய பாடு இருக்கிறதே, அதை அவருடைய சம்சாரம் சொல்லிக் கேட்க வேண்டும். பந்தியில் உட்காருகிறவர்களின் கணக்கும் உடையக் கூடாது. எட்டுப் பேர் உட்கார்ந்துவிட்டால் ரோட்டுக்குப் போய் மூன்று பேரைக் கூட்டிவந்து பதினொன்றாக்குவார். லோடுக்குக் காத்திருக்கும் டிரைவரோ, மாட்டுத் தரகரோ, யாராக இருந்தாலும் இலை போட வேண்டியதுதான். ஒருத்தரை எழுப்பி விட்டால் ஏழாகிவிடுமே என்று அந்த அக்கா ஒருநாள் கேட்டார். "உக்காந்தவிங்கள எந்திரிக்கச் சொல்ற ஊடா இது?" என்று சீறினார். கூட்டுவாரே தவிரக் கழிக்க மாட்டார். அக்காவுக்குப் பள்ளிக்கூடம் தெரியாது. ஆனால் பதினொன்றுக்கு அடுத்தது பதின்மூன்று, இருபத்து மூன்றுக்கு அடுத்தது இருபத்தொன்பது என்பதெல்லாம் உலையில் போடுகிற அரிசி வழியாகத் தலைகீழ்ப் பாடம். இருபத்து மூன்று இலை விழுந்ததும் கதவைச் சாத்திவிடுவார்.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு ஷெட்டிலேயே சாப்பாடு. லாரிகளுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பந்தி முடிகிற நேரம். சாப்பிட்டவர்கள் நூற்றுப் பதின்மூன்று. அருமையான நம்பர். கைகழுவித் தண்ணீர் குடிக்கும்போது பரமத்தி வேலூரிலிருந்து அவருடைய தாய்மாமன் தனியாக வந்து இறங்கினார். நூற்றுப் பதினான்கு. ஒண்ணுந்தானும் என்னைப் பார்த்தார். அடுத்த உடையாத நம்பர் என்ன என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம். மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். நூற்று இருபத்தேழு வரை ஒன்றுகூடக் கிடையாது. இன்னும் பதின்மூன்று பேர் வேண்டும்.

அவர் யோசிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசிக்கொண்டு நடு ரோட்டில் போய் நின்றார். ஈரோட்டுப் பஸ் ஒன்று கிரீச்சென்று நின்றது. ஆயுத பூஜைச் சாப்பாடு, பதின்மூன்று பேர் மட்டும் இறங்கலாம் என்றார். பசி வேளை. வடை வாசனை பஸ்ஸுக்குள் போய்விட்டது. டிரைவர், கண்டக்டர் உட்பட முப்பத்தைந்து பேர் இறங்கினார்கள். அவர் முகம் செத்துவிட்டது. நான் கை ஈரத்தோடு நின்று கணக்குப் போட்டேன். நூற்று நாற்பத்தொன்பது. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று எதற்கும் மசியவில்லை. உடையாது என்றேன். அப்படியே என்னைக் கட்டிக்கொண்டார். அக்கா மட்டும் சாம்பாரில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே, அடுத்த வருஷம் தன்னை வைத்துப் பூஜை போட்டுவிடச் சொன்னார்.

அந்த பஸ் சமாச்சாரத்துக்குப் பிறகுதான் அவருக்குப் பயம் பிடித்தது. திடீரென்று ஒரு நம்பர் வந்தால் வாத்தியார் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன செய்வது? ஒன்று முதல் இருநூறு வரை உடையாத நம்பரையெல்லாம் ஷெட் சுவரில் எழுதி வைத்துவிட வேண்டும் என்றார். எழுதுவதற்கு ஒரு வழி சொன்னேன். முதலில் எல்லா எண்ணையும் எழுதுங்கள். பிறகு இரண்டை விட்டுவிட்டு அதன் மடங்குகளை அடியுங்கள், மூன்றை விட்டுவிட்டு அதன் மடங்குகளை அடியுங்கள், அப்படியே போங்கள். கடைசியில் அடிபடாமல் நிற்பதெல்லாம் உங்கள் ஆட்கள்.

லோடு இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. சும்மா கிடந்த டிரைவர்களுக்கு ஆளுக்கு ஒரு எண் கொடுத்துச் சாக்பீஸும் கொடுத்தார். இரண்டுக்காரருக்கு ஏகப்பட்ட வேலை. நாலு, ஆறு, எட்டு என்று தாவித் தாவிச் சுவரில் பாதியைத் தீர்த்துவிட்டு டீ கேட்டார். ஏழுக்காரர் முறையிட்டார்: அவர் போய்ச் சேருகிற இடத்திலெல்லாம் முன்னாலேயே யாரோ அடித்து வைத்திருக்கிறார்களாம். பதின்மூன்றுக்காரர்தான் பாவம். ஆஜானுபாகுவான ஆள், சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சாக்பீஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தும் அவருக்குக் கிடைத்தது 169 ஒன்றே ஒன்று.

"அடுத்தது பதினேழுங்க" என்று ஒண்ணுந்தானும் கூப்பிட்டார். வேண்டாம் என்றேன். பதினேழைப் பதினேழால் பெருக்கினால் இருநூறைத் தாண்டிவிடும். எந்த எண்ணும் இரண்டு எண்ணாகத்தான் உடையும். அதில் ஒன்றாவது பதினேழைவிடச் சின்னதாக இருந்தே ஆக வேண்டும். சின்னது ஏற்கெனவே பிடிபட்டிருக்கும் என்று விளக்கினேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. இருநூறுக்குப் பதின்மூன்று போதும், நாலாயிரத்துச் சொச்சம் வருகிற லாரி நம்பருக்குப் பதினாறு போதுமா என்று கேட்டார். போதாது, அறுபதைத் தாண்டியும் போக வேண்டும் என்றேன். அப்படியே எழுந்து போய்விட்டார்.

அப்புறம் ஒரு வாரம் ஷெட் சுவரின் பின்பக்கம் முழுக்க வகுத்தல். நான் வருவதற்கு முன் வாங்கிய லாரிகளையெல்லாம் மறுபடி சோதித்தார். ஆறு தேறிவிட்டன. ஏழாவது 4187. அவர்களுடைய முதல் லாரி. எஞ்சின் ஒருநாள் முனகியது கிடையாது. சின்னவர் மீசை முளைக்கும்போது ஸ்டியரிங் பிடிக்கக் கற்றது அதில்தான். பதினேழு நுழையவில்லை, பத்தொன்பது நுழையவில்லை, இருபத்து மூன்றில் ஒன்றே ஒன்று மீதி வந்து தப்பியது. அப்படியே தப்பித் தப்பி வந்து ஐம்பத்து மூன்றில் மாட்டிக்கொண்டது. ஐம்பத்து மூன்று தரம் எழுபத்தொன்பது. மீதி பூஜ்யம்.

மாடிக்கு வந்து, எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வாயால் சொன்னால் பலித்துவிடும் என்றார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேதான் சத்தியம் செய்தேன். அந்த மாதமே சின்னவர் பாகம் கேட்டார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

சின்னவர் கெட்டவர் இல்லை. எண்பதுகள் பிறந்து திருச்செங்கோட்டில் வீட்டுக்கு வீடு போர் போடுகிற ரிக் வண்டி வாங்கிக்கொண்டிருந்த காலம். அவருக்கும் ஆசை. கூட்டாளி ரிக் வாங்குகிறார், குழாய் ஏற்றிக்கொண்டு கூடவே போக இவர் ஒரு லாரி கொண்டுவர வேண்டும். அண்ணன் நிழலில் இல்லாமல் தானாக ஒன்று செய்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வேலூர்த் தாய்மாமன் வந்து ஷெட்டில் ஜமுக்காளம் விரித்துப் பேச்சு நடந்தது. எழுத்து வேலை இருந்தால் ஆகட்டும் என்று என்னையும் உட்கார வைத்தார்கள்.

மூத்தவர் எதிர்க்கவே இல்லை. அதுவே எல்லோருக்கும் ஆச்சரியம். சின்னவர் தனக்கு நிலம் வேண்டாம், வீடு வேண்டாம், 4187 மட்டும் போதும் என்றார்.

"அத மட்டும் கேக்காத சாமி. வேற ரெண்டு எடுத்துக்க" என்றார் மூத்தவர்.

ஒரு பழைய லாரிக்குப் பதில் இரண்டு லாரியா என்று மாமன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். சின்னவர் அசையவில்லை. அதுதான் வேண்டும் என்றார். மூத்தவர் மூன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். தம்பி மாட்டேன் என்று தலையாட்டினார். உடனே ஐந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த வேளையிலும் மனிதர் நாலைத் தாண்டித்தான் குதித்தார். அது எனக்கு மட்டும்தான் தெரியும். நடுத் தம்பி பதறிப்போய், "அண்ணா, அப்ப எனக்கு?" என்றார்.

சின்னவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஐந்து லாரியைக் கொடுத்தாவது அதைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறார் என்றால், வீட்டு ராசியெல்லாம் அதில்தான் இருக்கிறது, அதைத் தம்பிக்குக் கொடுக்க மனம் இல்லை என்றுதான் அவர் அர்த்தம் எடுத்துக்கொண்டார். யார்தான் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்? அவர் எழுந்தார்.

"எனக்கு ஒண்ணுமே வேண்டாமுங்க மாமா. இனி இந்த ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார்.

மூத்தவர் துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு ஏக்கராவுக்கு நேர்ந்தது ஏழு லாரிக்கும் நேரப் போகிறது என்று தெரிந்தது. என் சத்தியமும் மண்ணாங்கட்டியும் என்று எழுந்து நின்றேன்.

"அந்த நம்பர் உடையுதுங்க. அம்பத்து மூணால" என்றேன்.

மாமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சின்னவருக்கு விளங்கிவிட்டது. அந்த வீட்டில் வளர்ந்தவர் அல்லவா. வாசல்வரை போனவர் அங்கேயே நின்று அண்ணனைப் பார்த்தார். அண்ணனுக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

"பதினாறாம் வாய்ப்பாட்டோட நிறுத்திப்போட்டன் சாமி. தெரிஞ்சிருந்தா நம்ம ஊட்டுக்குள்ள அத உட்டிருப்பனா? எங்கூட இருந்து என்னைய உடைச்சுது, செரி போகுது. உங்கூட வந்து உன்ற குடும்பத்தையும் உடைச்சுதுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

சின்னவர் வந்து ஜமுக்காளத்தில் அண்ணனை ஒட்டி உட்கார்ந்தார். பிறகு சின்னவர்தான் மெதுவாகச் சொன்னார்.

"நம்பரு உடஞ்சா உடஞ்சுட்டுப் போகுதுங்கண்ணா. நான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வாரேன். வண்டியக் குடுங்க."

கொடுத்தார். மீதி ஆறு லாரிதான் என்பதும், ஆறு எப்படியெல்லாம் உடையும் என்பதும் அன்றைக்கு அவருக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் காலை 4187 கிளம்பியது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தது அவர்தான். திருச்செங்கோட்டு ரோட்டில் லாரி திரும்பி மறைகிற வரைக்கும் நானும் அவரும் நின்றிருந்தோம். என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"வாத்தியாரே, அதப் பங்கு போடோணும்னா கொறஞ்சது அம்பத்து மூணு பேரு வேணுமில்லீங்க?"

"வேணுங்கண்ணா."

"அவனுக்கு அம்பத்து மூணு புள்ளைங்க பொறக்காதில்லீங்க?"

"பொறக்காதுங்கண்ணா."

"அப்பச் செரி" என்று மூச்சை விட்டார்.

ஓய்வு பெறுகிற வரைக்கும் எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ கணக்குக்கு விடை சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு விடையைத்தான் இத்தனை ஆசையோடு சொல்லியிருக்கிறேன்.